குறைகளுக்கு இங்கிலீஷ் பெயர்

எங்கள் ஷூ ஃபேக்டரியில் இங்கிலீஷ் மாடியில் குடியிருக்கிறது. கீழே இறங்கி வந்தால் யாரையாவது திட்டத்தான் வரும். ‘அன்ஈவன்’ என்று வரும். ‘மிஸ்மேட்ச்’ என்று வரும். ‘டிஸ்கலர்’, ‘இன்கம்ப்ளீட்’, ‘இம்ப்ராப்பர்’ என்று வரிசை கட்டி வரும். தையல் சீராக இருந்தால் அதற்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று கீழே ஒருவருக்கும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் வந்ததில்லை. நல்ல ஷூவைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அது பேசாமல் டப்பாவுக்குள் போய்விடும்.

ஆம்பூருக்கு வெளியே, ஹைவேயை ஒட்டி இருக்கும் இந்த ஃபேக்டரியில் முத்துமாரி இருபத்து நான்கு வருடங்களாக வேலை பார்க்கிறார். பதினெட்டு வயதில் நூல் வெட்டும் ட்ரிம்மிங் பிரிவில் சேர்ந்தவர். இப்போது ஃபைனல் டேபிளின் இன்சார்ஜ். டப்பாவுக்குள் போவதற்கு முன் ஷூவைக் கடைசியாகப் பார்க்கும் இடம் அது. அங்கே ஆறு பெண்கள். ஐந்து பேர் வெளியே பார்ப்பார்கள். முத்துமாரி உள்ளே பார்ப்பார். பார்ப்பார் என்றால் கையை விட்டுப் பார்ப்பார். ஷூ வந்ததும் கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு இரண்டு விரலை உள்ளே செலுத்தி, குதிகால் வரை ஒரு தடவல். ஏன் கண்ணால் பார்ப்பதில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

“கண்ணு பாலிஷப் பாத்துப் பல்ல இளிக்கும் பாப்பா. கை இளிக்காது.”

குறை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். முத்துமாரி அந்த ஸ்டிக்கர்களை இடது கையின் உறைமேல் வரிசையாக ஒட்டி வைத்திருப்பார், போலீஸ்காரர் சட்டையில் பட்டை மாதிரி. ஒருமுறை முதலாளியின் மருமகன் ஃபேக்டரியைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, கீழே விழுந்த நூலை எடுக்கக் குனிந்த முத்துமாரி, மருமகன் போட்டிருந்த இத்தாலி ஷூவின் மூக்கில் ஒரு அம்புக்குறியை ஒட்டிவிட்டு நிமிர்ந்தார். தையல் கோணல். மருமகன் அதோடு நாள் முழுக்க நடந்தார், மதியம் எம்.டி.யோடு சாப்பிட்டார், மாலை பெங்களூருக்கு ரயிலேறினார். யாரும் எடுத்துவிடவில்லை. அம்பை ஒட்டியவர்தான் எடுக்கவேண்டும் என்பது டேபிளின் சட்டம்.

இப்படிப்பட்டவரை இங்கிலீஷ் படிக்க வைத்ததற்கு ஒருவகையில் நான்தான் காரணம். மாடியில் டாக்குமென்டேஷன் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, ஷூ வாங்கும் கம்பெனியின் போர்ச்சுகல் ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வீடியோவில் வருவார். அந்த வாரம் ரிஜெக்ட் ஆன ஷூக்களின் சீட்டை நான் அவருக்குப் படித்துக் காட்டுவேன். தொட்டுக்கூடப் பார்க்காத ஷூவின் குறையை நல்ல உச்சரிப்போடு சொல்வேன். ஒருநாள் அவர், இது இடது காலா வலது காலா என்று கேட்டார். இடது என்றேன். வலது. அடுத்த வாரமே புது விதி வந்தது: இனிமேல் ரிஜெக்ட் செய்தவரே வந்து சொல்லவேண்டும்.

குவாலிட்டி மேனேஜர் தன்சீல் அகமது வாணியம்பாடிக்காரர். கெட்ட செய்தியை ஜிலேபி மாதிரி சுற்றிச் சுற்றித்தான் கொடுப்பார். அன்று சுற்றுவதற்கு நேரமில்லை.

“அக்கா, கோச்சிக்காதீங்க. வாங்குறவங்க புது ரூல் போட்டிருக்காங்க. ரிஜெக்ட் பண்ண கையே வாயால சொல்லணுமாம்.”

“கைக்கு ஏது சார் வாயி?”

“அதான் பேஜாரு. இங்கிலீஷ்ல வேற சொல்லணும். மூணு வாரம் டைம் வாங்கியிருக்கேன். இல்லன்னா டேபிள சூரியபிரகாஷ் பாத்துக்கட்டும். நீங்க மறுபடியும்…”

“ட்ரிம்மிங்குக்கா. வாயத் தொறந்து சொல்லுங்க சார். நூல் வெட்டற எடந்தான, கெட்ட வார்த்தையா அது?”

சூரியபிரகாஷ் காலணித் தொழில்நுட்பத்தில் டிப்ளமா முடித்து ஆறு மாதத்துக்கு முன் வந்தவன். இருபத்து நான்கு வயது. அவன் இங்கிலீஷ், காட்பாடியில்கூட நிற்காத ரயில் மாதிரி போகும். கெட்டவன் இல்லை. எல்லாரையும் மேடம் என்பான், தினம் ஒரு சென்ட் போட்டு வருவான். முத்துமாரி அவனைப் பற்றி அப்போது சொன்னது ஒன்றுதான்: “அவன் பொறந்த வருஷம் நான் இங்க கத்திரிக்கோல் புடிச்சேன். இப்போ அவனுக்கு டேபிளக் குடுத்துட்டு நான் மறுபடியும் கத்திரிக்கோல் புடிக்கணுமாம். நல்லாக்கீது கத.”

தினமும் பதினொன்றிலிருந்து பதினொன்றரை வரை என்னிடம் படிக்க அனுப்பினார்கள். அந்த அரைமணி நேரம் டேபிளில் சூரியபிரகாஷ் உட்காருவான் என்று ஏற்பாடு. இடம் கேன்டீன். டேபிளில் வெளிச் சோதனை பார்க்கும் ஹலீமா பீ, டீ குடிக்கும் சாக்கில் கொஞ்ச நேரம் வந்து உட்கார்ந்துகொள்வார். ஐம்பதைத் தாண்டியவர், முத்துமாரியைத் திட்டும் உரிமை ஃபேக்டரியில் அவர் ஒருவருக்குத்தான் உண்டு.

குறைப் பட்டியலில் மொத்தம் இருபத்து மூன்று சொல். எண்ணிப் பார்த்தேன். அதில் பதினேழு, தலையில் ஏதாவது ஒரு ‘இல்லை’யைக் கட்டிக்கொண்டிருந்தன. எனவே அங்கிருந்து ஆரம்பித்தேன். ‘அன்’ என்றால் இல்லை. ‘இன்’ என்றாலும் இல்லை. ‘நான்’ என்றாலும் இல்லை. ‘டிஸ்’ என்றால் இருந்தது போய்விட்டது. ‘மிஸ்’ என்றால் இருக்கிறது, ஆனால் தப்பாக இருக்கிறது.

“ஒரு இல்லைக்கு எதுக்குடி இத்தினி ஆளு?” என்றார் ஹலீமா பீ.

“நம்ம ஆபீஸ்ல லீவு கேட்டுப் பாருக்கா” என்றார் முத்துமாரி. “ஒருத்தன் இல்லம்பான், ஒருத்தன் முடியாதும்பான், ஒருத்தன் அப்புறம் பாக்கலாம்பான். எல்லாம் ஒண்ணுதான்.”

பிறகு இந்த ‘இன்’ பிரச்சினை. ‘இன்கம்ப்ளீட்’டில் இன் ஆக இருப்பது ‘இம்ப்ராப்பர்’ வந்தால் இம் ஆகிறது, ‘இர்ரெகுலர்’ வந்தால் இர் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி படித்த நினைவில், பின்னால் வரும் எழுத்தைப் பார்த்து முன்னால் நிற்பது உருமாறிக்கொள்கிறது, தமிழிலும் இதே கதைதான் என்று விளக்கினேன். முத்துமாரி கொஞ்சம் யோசித்தார்.

“யார் பக்கத்துல நிக்கிறானோ அவன மாதிரியே மூஞ்சிய மாத்திக்கிது. பேக்கிங் சூப்பர்வைசர் மாதிரி.”

அதற்குப்பின் அந்த விதியை அவர் மறக்கவே இல்லை. பேக்கிங் சூப்பர்வைசருக்குத்தான் கொஞ்ச நாள் ஏன் எல்லாரும் தன்னை ‘இம் சார்’ என்று கூப்பிடுகிறார்கள் என்று புரியவில்லை.

சொற்களை மனப்பாடம் செய்ய அவரிடம் ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சொந்தக்காரரைத் தேடிப் பிடிப்பார். ‘அன்ஈவன்’ கேன்டீன் பச்சையப்பன் சுடும் தோசை. ‘இன்சஃபிஷியன்ட்’ அதற்கு ஊற்றும் சாம்பார். ‘இன்கம்ப்ளீட்’ எட்டு வருடமாகக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் அவர் மைத்துனரின் மாடி வீடு. ‘டிஸ்கலர்’ ஆம்பூர் பஜாரில் எடுத்த தீபாவளிப் புடவை. ‘மிஸ்மேட்ச்’ யார் என்று கேட்டதற்கு, ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டும் தன் கணவர் கன்னியப்பனை நினைத்துக்கொண்டதாகச் சொன்னார். “ரெண்டும் நல்ல காலுதான் பாப்பா. தனித்தனியா பாத்தா ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஜோடிதான் வேற வேற.” கேன்டீனில் தன் காதுபடத் தோசைக்கு இங்கிலீஷ் பெயர் வைத்ததைப் பச்சையப்பன் பெருமையாக எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் அதைப் பலகையில் எழுதியும் வைத்திருந்தார்.

உச்சரிப்புதான் கஷ்டம். ஒவ்வொரு சொல்லிலும் ஒரு இடத்தில் அழுத்தவேண்டும், மற்றதை விழுங்கவேண்டும் என்பது எப்படிச் சொன்னாலும் அவருக்கு ஏறவில்லை. தமிழ் பேசுகிறவர்கள் எல்லா எழுத்துக்கும் சமமாகச் சோறு போடுவோம். கடைசியில் ஹலீமா பீதான் வழி கண்டுபிடித்தார். தையல் போட்ட மடிப்பைச் சுத்தியால் தட்டிப் படிய வைப்பார்கள் அல்லவா, எங்கே மடிப்பு தடிமனோ அங்கே ஒரு ஓங்கல், மற்ற இடத்தில் சும்மா ஒரு தொடல். அப்படித் தட்டு என்றார். டீ டம்ளர் அடியால் மேஜையில் தட்ட ஆரம்பித்தார்கள். இன்-சஃ-ஃபி-ஷியன்ட்: மூன்றாவதில் ஓங்கல். இன்-கம்-ப்ளீட்: கடைசியில் ஓங்கல். ஒரு வாரத்தில் இவர்கள் கேன்டீனுக்குள் வந்தாலே பச்சையப்பன் கண்ணாடி டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு எவர்சில்வர் டம்ளரைக் கொடுக்கத் தொடங்கினார்.

சரிசெய்யவே முடியாத ஷூவுக்குப் பட்டியலில் ஒரு சொல் உண்டு. ஃபேக்டரி முழுக்க, டிப்ளமா சூரியபிரகாஷ் உட்பட, அதை ‘இர்ரிப்பேரபிள்’ என்றுதான் சொல்வார்கள். ரிப்பேர் என்ற சொல் உள்ளே முழுசாக உட்கார்ந்திருக்கிறது, யார்தான் வேறு மாதிரி சொல்வார்கள். ஆனால் என் ஃபோனில் இருந்த இங்கிலாந்துக் குரல், ‘இரெப்பரபிள்’ என்றது. சுத்தி ‘ரெப்’ மேல் விழவேண்டும்.

முத்துமாரி ஃபோனை வாங்கி இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை.

“ரிப்பேர் எங்கம்மா போச்சு?” என்று ஃபோனையே கேட்டார்.

“அதான் ரிப்பேர் பண்ண முடியாதுன்னு ஆயிடுச்சே, தூக்கிப் போட்டிருப்பாங்க” என்றார் ஹலீமா பீ.

இன்னொரு நாள் முத்துமாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு ஷீல்டு. பத்து வருடச் சேவைக்காக ஃபேக்டரி கொடுத்தது. வீட்டில் டிவிக்கு மேலே இருந்ததாம். முந்தின ராத்திரி அதைப் படித்துப் பார்த்திருக்கிறார். ‘இன்வேல்யுபிள் சர்வீஸ்’ என்று பொன்னெழுத்தில் இருந்தது.

“‘இன்’னா இல்ல. வேல்யூன்னா மதிப்பு. பத்து வருஷம் மாடு மாதிரி ஒழச்சதுக்கு மதிப்பில்லாத வேலன்னு எழுதிக் குடுத்திருக்கானுங்க. அத நான் டிவி மேல வெச்சு பூ வேற போட்டிருக்கேன்.”

அது அப்படி இல்லை, விலை வைக்கமுடியாத அளவுக்கு உயர்ந்தது என்று பொருள் என்றேன். நாமும் விலைமதிப்பற்ற என்று சொல்லிப் புகழ்கிறோமே என்றேன்.

“தமிழ்லயும் இதே மோசடிதானா?” என்றார். ஆனால் தூக்கி வைத்திருந்த முகம் இறங்கிவிட்டது.

“அப்போ இன்சார்ஜ்னா?” என்றார் ஹலீமா பீ. “சார்ஜ் இல்லாதவளா நீ?”

“பேட்டரிய சொல்றியா, அதிகாரத்த சொல்றியா? ரெண்டும் இல்லக்கா.”

அந்த மூன்று வாரமும் இப்படித்தான் போயின. எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. டேபிளில் என்ன நடக்கிறது என்று நாங்கள் யாரும் கவலைப்படவில்லை. ஹலீமா பீ மட்டும் ஒருநாள் சொன்னார்: “அந்தப் புள்ள கைய உள்ள விடவே மாட்றான் மாரி. தூக்கி லைட்ல காட்டறான், டப்பால போட்றான். அந்த அர மணி நேரத்துல ரிஜெக்ட் கூடை காலியா கெடக்குது.”

“அர மணி நேரந்தானக்கா. போவட்டும்” என்றார் முத்துமாரி. அவர் அப்போது ‘டிஸ்இன்டக்ரேட்’டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் ஓடியது ஒரே ஆர்டர். போர்ச்சுகல் அம்மாவின் கம்பெனிக்குப் போகவேண்டிய பிரவுன் ஷூ, ஆயிரத்து இருநூறு ஜோடி. டேபிள் ரிஜிஸ்டரில் எல்லாவற்றுக்கும் முத்துமாரியின் கையெழுத்து. சூரியபிரகாஷ் உட்கார்ந்திருந்த நேரத்துக்கும் அவர் கையெழுத்துதான். பதினொன்றரைக்குத் திரும்பி வந்ததும் மொத்தமாகப் போட்டுவிடுவார்.

வியாழக்கிழமை வந்தது. அதற்கு முந்தின நாள் எங்கள் ஃபேக்டரியில் ஒரு சடங்கு உண்டு. வாங்குபவருக்கு உண்மையான ரிஜெக்ட்டைக் காட்டமாட்டார்கள். அது பார்க்கச் சகிக்காது. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் விரிசல் விட்ட சுவரில் காலண்டர் மாட்டுவது மாதிரி, லேசான, கண்ணியமான குறையுள்ள இரண்டு மூன்று ஷூவை எடுத்து வைப்பார்கள். அதற்குப் பெயர் ‘காட்டு ரிஜெக்ட்’. அந்த வாரம் கண்ணியமான குறை ஒன்றும் கிடைக்கவில்லை. எனவே சூரியபிரகாஷ், ஒரே அடுக்கில் பேக்காகியிருந்த பிரவுன் ஷூ டப்பாக்களைப் பிரித்து மூன்று நல்ல ஷூவை எடுத்தான். ஒன்றில் ஒரு தையலைக் கோணலாகப் போடச் சொன்னான். ஒன்றின் மூக்கில் பாலிஷைத் துடைத்தான். ஒன்றுக்கு வேறு நிறத்தில் லேஸ் கோர்த்தான். மூன்றுக்கும் அவனே அம்புக்குறி ஒட்டினான். அன்ஈவன், டிஸ்கலர், மிஸ்மேட்ச். முத்துமாரி கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மூன்று.

“அக்கா, மூணே மூணு. சொல்லிட்டு கையக் கட்டிக்கிட்டு உக்காந்துடுங்க. டேபிள் உங்களுது” என்றார் தன்சீல் அகமது.

மீட்டிங் ரூமில் ஏ.சி. போட்டிருந்தது. முத்துமாரி உறையைக் கழற்றிவிட்டு, பட்டுப் புடவை மேல் ஃபேக்டரி கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஓரத்தில். திரையில் போர்ச்சுகல் அம்மா காபிக் கோப்பையோடு வந்தார்.

முதல் ஷூ. “அனீவன் ஸ்டிச்சிங், மேடம்.” சுத்தி சரியான இடத்தில் விழுந்தது. ஃபோனில் இருந்த இங்கிலாந்துக் குரலே தோற்றுப்போகும்.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. ஷூவைக் கிட்டே காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, “ஆ, ஊனீவன்” என்றார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மூன்று வாரமாக நாங்கள் தயார் செய்தது இங்கிலாந்து ராணிக்கு. வந்திருப்பவர் போர்ச்சுகல். இங்கிலீஷ் அவருக்கும் பக்கத்து வீட்டுச் சொத்துதான்.

முத்துமாரி அதில் தெம்பாகிவிட்டார். இரண்டாவது ஷூவை இன்னும் சத்தமாகச் சொன்னார். மூன்றாவதை எடுத்து லேஸைக் காட்டி, “மிஸ்மேட்ச், மேடம்” என்றார். வேலை முடிந்தது. தன்சீல் அகமது மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

ஆனால் திரையில் அந்த அம்மா குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். முத்துமாரியின் கைக்கு வேலை இல்லை. வேலையில்லாத கை தன் வழக்கப்படி ஷூவுக்குள் போனது.

அங்கேயே நின்றது.

ஷூவுக்குள் பாதம் படும் மெத்தென்ற தோலை எங்கள் ஃபேக்டரியில் சாக்ஸ் என்பார்கள். அதைப் பசை தடவி ஒட்டி அழுத்தவேண்டும். முத்துமாரியின் விரல் பட்ட இடத்தில் அது குதிகால் பக்கம் கிளம்பி வந்தது, கல்லிலிருந்து தோசை கிளம்புவது போல. அவர் முகம் மாறவில்லை. ஷூவைக் கீழே வைத்துவிட்டு முதல் ஷூவை எடுத்தார். அதிலும் விரல் விட்டார். பிறகு இரண்டாவது. மூன்று ஷூவும் பேக்கான டப்பாவிலிருந்து வந்தவை. எல்லாம் அவர் கையெழுத்தில் போனவை.

தன்சீல் அகமதுவுக்கும் புரிந்துவிட்டது. மேஜைக்குக் கீழே கையால் வேண்டாம், வேண்டாம் என்று காட்டினார். முத்துமாரி அப்படியே எழுந்து வந்திருக்கலாம். டேபிள் அவருக்கு. ஷூ கப்பலில் போகும். யாரோ ஒருவரின் காலுக்குள் ஒருநாள் தோல் சுருண்டு வரும். அந்த ஆளுக்கு ஆம்பூர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. சொன்னால் முதலில் போவது ரிஜிஸ்டரில் இருக்கும் பெயர்தான்.

முத்துமாரி அந்தக் கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார்.

“மேடம். ஒன் மினிட்.”

ஷூவைக் கேமராவுக்கு நேராகச் சாய்த்து, இரண்டு விரலால் உள்தோலை முழுசாக உரித்து வெளியே எடுத்தார். சத்தமே இல்லாமல் வந்தது. அடுத்ததையும் உரித்தார். அதற்கடுத்ததையும்.

“இன்சைட். அன்பாண்டட். ஆல் த்ரீ.” பசை பிடிக்காததற்குப் பட்டியலில் இருந்த பெயர் அது.

அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். இந்த மூன்று மட்டுமா என்று கேட்டார்.

“நோ. லாட்.” மொத்தச் சரக்குக்கும் ஃபேக்டரியில் லாட் என்றுதான் பெயர்.

எத்தனை?

“டோன்ட் நோ. ஓப்பன். ஆல் ஓப்பன்.” கொஞ்சம் நிறுத்தி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “சைன், மைன்.”

தன்சீல் அகமது லேப்டாப்பை மூடினார்.

“மூணு ஷூ காட்டச் சொன்னா, ஆயிரத்து எரநூறையும் தொறந்து காட்டிட்டிங்களே அக்கா.”

“நான் எங்க சார் தொறந்தேன். அதுவா தொறந்துக்கிச்சு.”

வெளியே வராந்தாவில் சூரியபிரகாஷ் காத்திருந்தான். “மேடம், நீங்க பாத்திருந்தா தப்பியிருக்காது. நான் பாத்த டைம்ல போனதுதான் அது. என் பேர ஏன் சொல்லல?”

“கையெழுத்து உன்னுதா?”

“இல்ல.”

“அப்புறம் இன்னா?”

எந்த ஜோடி எந்த அரைமணி நேரத்தில் போனது என்று டப்பாவில் எழுதியிருக்கவில்லை. எனவே ஆயிரத்து இருநூறையும் பிரிக்கவேண்டும். கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வரவேண்டும் என்று போர்டில் எழுதினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடியில் ஹலீமா பீயின் தங்கை மகளுக்கு நிக்காஹ்.

அவர் வந்தார். கையில் மருதாணி. காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை முத்துமாரியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மற்ற நாலு பேரும் பேசவில்லை. குடியாத்தம் பஸ்ஸில் வந்த பேக்கிங் பெண்கள் காதில் விழும்படி, “சிலருக்கு இங்கிலீஷ் வந்தா நமக்கு லீவு போவுது” என்றார்கள். முத்துமாரி ஒவ்வொரு ஷூவாகக் கை விட்டுக்கொண்டே போனார். மதியம் புளிசாதம் கொண்டுவந்து டேபிளில் வைத்தார். அவரவர் டப்பாவைத் திறந்து அவரவர் சோற்றைத் தின்றார்கள். எண்பத்தேழு ஜோடியில் தோல் கிளம்பியிருந்தது. எண்பத்தேழு என்று கேட்டும் யாரும் அவரைப் பாராட்டவில்லை. கையுறையைக் கழற்றும்போது ஹலீமா பீ மட்டும், யாரிடமோ சொல்வதுபோல், “பிரியாணி நல்லா இருந்துச்சாம்” என்றார்.

திங்கள் காலை தன்சீல் அகமது அவரை மாடிக்குக் கூப்பிட்டார். போர்ச்சுகலிலிருந்து மெயில் வந்திருந்தது. லாட்டைத் திரும்பப் பார்த்ததற்கு ஒரு வரி. தவறுக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் வேண்டும் என்று ஒரு வரி. அடுத்த வியாழனும் அதே பெண்மணி வரட்டும் என்று ஒரு வரி. இரண்டாவது வரிக்காக ஆபீஸ் ஒரு மெமோ தயார் செய்திருந்தது. மெமோ வாங்கியவர் ஒரு வருடம் இன்சார்ஜ் ஆக இருக்கமுடியாது என்பது கம்பெனி விதி. மூன்றாவது வரியை என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

எங்கள் ஃபேக்டரியில் மெமோவை யாரும் படிப்பதில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அங்கே போட்டுவிட்டு, “சரி சார்” என்று போய்விடுவார்கள். முத்துமாரி காகிதத்தை வாங்கினார். கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டார், கண்ணாடி இல்லாததால். வாய் மெல்ல அசைந்தது.

“சார், அன்ஆத்தரைஸ்டுன்னு போட்டிருக்கே.”

“அது சும்மா பார்மாலிட்டிக்கா.”

“சொல்லாமகொள்ளாம டேபிள விட்டுப் போனேன்னுதான அர்த்தம்? நீங்கதான அனுப்புனீங்க? தெனம் பதினொரு மணிக்கு இந்தப் பாப்பா கூடத்தான இருந்தேன்?”

தன்சீல் அகமது என்னைப் பார்த்தார். அந்த மெமோவை டைப் செய்ததும் நான்தான்.

“ஆமா சார்” என்றேன்.

“பார்மாலிட்டிக்கு வேணும்னா உங்க பேரப் போட்டுக்குங்க சார். எனக்கு வேணாம்.” விரல் நகம் அடுத்த வரிக்குப் போனது. “இர்ரெஸ்பான்சிபிள். பொறுப்பில்லாதவ. எல்லார் எதுர்லயும் கையெழுத்து என்னுதுன்னு சொன்னது யாரு? வேற ஆளா?”

“அக்கா, ஆபீஸுக்கு எதாச்சும் ஒண்ணு எழுதணுமில்ல…”

“எழுதுங்க. கடசில ஒண்ணு இருக்குது பாருங்க, அன்சாட்டிஸ்ஃபாக்டரி. அத வெச்சுக்குங்க. அந்த மூணு வாரம் என் வேல நல்லா இல்லதான். ஹலீமாக்கா சொன்னப்பவே நான் எழுந்து போயிருக்கணும். மத்த ரெண்டையும் எடுத்துடுங்க.”

தன்சீல் அகமது கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“எடுத்துட்டா அது மெமோவே இல்ல அக்கா. வெறும் லெட்டரு.”

“லெட்டருன்னா வாங்கிக்கிறேன்.”

திரும்ப டைப் செய்ய எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்தச் சொற்கள் இல்லாமல் ஒரு கடிதம் எழுத எங்கள் ஆபீஸில் யாருக்கும் பழக்கமில்லை. எடுத்துவிட்டுப் பார்த்தால் நடந்தது மட்டும்தான் மிஞ்சியது: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை தினம் அரைமணி நேரம் நிர்வாகம் அவரைப் பயிற்சிக்கு அனுப்பியது; அந்த நேரத்தில் உள்சோதனை செய்யப்படவில்லை; வேலை திருப்தியாக இல்லை; லாட் திரும்பப் பார்க்கப்பட்டது. தன்சீல் அகமது அதை மூன்று முறை படித்தார்.

“இதுல திட்டே இல்லையேம்மா” என்றார் என்னிடம். பிறகு இன்னொரு முறை படித்தபோது, யார் மேல் குறை என்று அவருக்கே தெரிந்துவிட்டது போல. நிர்வாகம் என்ற சொல்லின்மேல் பென்சிலை வைத்து, அடிக்காமல் எடுத்துவிட்டார்.

முத்துமாரி தமிழில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினார்.

“வியாழக்கெழம யாரு சார் படிக்கிறது?”

“மெயில்ல உங்களத்தான் கேட்டிருக்காங்க.”

“அது அவங்க கேக்கறது. நீங்க சொல்லுங்க. டேபிள்ல இனிமே அந்தப் புள்ள உக்காந்தா, அவன் பாத்ததுக்கு அவன்தான் சைன் போடணும். நான் உக்காந்தா நான். கலந்து போட மாட்டேன்.”

சூரியபிரகாஷை, ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் லாஸ்டிங் பிரிவுக்கு மாற்றியிருப்பதாகத் தன்சீல் அகமது சொன்னார். அங்கே சாக்ஸ் ஒட்டும் மேஜைக்குப் பக்கத்தில்தான் அவனுக்கு இடம் என்றார். முத்துமாரி ரிஜிஸ்டருக்காகக் கையை நீட்டியபடி நின்றார். தன்சீல் அகமது மேஜை டிராயரைத் திறந்து, வியாழக்கிழமையிலிருந்து பூட்டி வைத்திருந்த ஃபைனல் டேபிள் ரிஜிஸ்டரை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.